மாடியில் டவர் நிற்கிறது; மண்ணில் எர்த் இருக்கிறதா?

பெங்களூரில் கோடை மழை அமைதியாக வருவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பகலெல்லாம் வெயில் காயும். மாலை நான்கு மணிக்கு மேல் மேகம் திரளும். காற்று புழுதியை வாரி அடிக்கும். பிறகு இடியும் மின்னலுமாக ஊரையே உலுக்கிவிட்டுப் போகும். நம் ஊர்ப் பெரியவர்கள் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்துவார்கள்.

கதவைச் சாத்தினால் போதுமா? வீட்டு மாடியில் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா?

1980களில் நம் மாடிகளில் தூர்தர்ஷன் ஆன்டெனா மட்டுமே நின்றது. இன்று டிஷ், காமிராக் கம்பம், இன்டர்நெட் கம்பம், செல்போன் டவர், சோலார் தகடு என்று கூட்டமே நிற்கிறது. இந்தக் கூட்டத்தில் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் உயரத்தில் பெரியது ஒன்று உண்டு. அதுதான் ஹாம் ரேடியோக்காரர்களின் ஆன்டெனா டவர்.

அந்த டவரை நடுகிறவர், அதில் ஏறுகிறவர், பல சமயம் அதே மாடியில் ஷீட் போட்ட அறையில் வாடகைக்குக் குடியிருக்கிறவர் யார்? பெரும்பாலும் நம்மைப் போல் பிழைக்க வந்தவர்கள்தாம். ஆகவே இதை ஏதோ வசதிக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஹாம் ரேடியோ என்றால் என்ன?

லாப நோக்கம் இல்லாமல், சொந்த ஆர்வத்தில், அரசு உரிமம் பெற்று வயர்லெஸ் மூலம் உலகத்தோடு பேசுகிறவர்களை ஹாம் என்கிறார்கள். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை தேர்வு வைத்து உரிமம் தருகிறது. ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. இந்தியர்களின் குறி 'வி.யு.' என்று தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய குறி வி.யு.2 ஆர்.ஜி.

பெங்களூருக்கு இதில் தனி இடம் உண்டு. இங்கே பழமையான ஹாம் சங்கம் இருக்கிறது. பயிற்சி தரும் நிலையம் இருக்கிறது. ஹாம்களுக்கென்றே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் செய்த 'ஹாம்சாட்' என்ற 42.5 கிலோ எடையுள்ள செயற்கைக் கோள் 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2014 ஜூலை வரை அது வேலை செய்தது.

ஆபத்துக் காலத்தில்தான் இவர்களின் அருமை தெரியும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பூகம்பம் வந்து டெலிபோன் அறுந்தபோது ஹாம்கள்தான் செய்தி அனுப்பினார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, ஹாம் வேலையாக அங்கே போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவர் குழுவினரும் போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகுக்குத் தகவல் கொடுத்தார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தபோதும் கல்பற்றா ஆட்சியர் அலுவலகத்தில் ஹாம் நிலையம் இயங்கியது. செல்போன் செத்த இடத்தில் பேசியது இந்த வயர்லெஸ்.

ஆகவே ஹாம் டவர் வேண்டாம் என்பது நம் வாதமல்ல. தாராளமாக நிற்கட்டும். ஆனால் மேலே போகும் ஒவ்வோர் அடிக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள், கீழே மண்ணுக்குள் போக வேண்டிய எட்டு அடிக்குக் கணக்குப் பார்க்கிறார்களா என்பதே கேள்வி.

எவ்வளவு உயரம் வேண்டும்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். எல்லா ஹாமுக்கும் டவர் தேவை என்பது உண்மையல்ல.

தொலைதூரம் பேசும் குறுகிய சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பி வரும். ஏழு மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சுமார் 20 மீட்டர் நீளமுள்ள ஒரு செம்புக் கம்பி போதும். அதை இரண்டு கம்பங்களுக்கு நடுவே துணிக் கொடிபோலக் கட்டிவிடலாம். ஊருக்குள் பேசும் 145 மெகா ஹெர்ட்ஸ் அலை நேர்கோட்டில் போகும். அதற்கு உயரம் உதவும். ஆனால் ஆன்டெனா ஒரு மீட்டர் அளவுதான். சாதாரண ஜி.ஐ. குழாயில் ஏற்றிவிடலாம்.

ஒரு பக்கம் நோக்கித் திருப்பும் பெரிய ஆன்டெனா வைக்க விரும்புகிறவருக்குத்தான் உண்மையான டவர் வேண்டும். அப்போது காற்று ஒரு கணக்கைக் கேட்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதியில் பெங்களூருக்குக் குறித்துள்ள அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 33 மீட்டர். அதாவது மணிக்குச் சுமார் 119 கிலோமீட்டர். தினமும் அப்படி அடிக்காது. ஒரு நாள் அடிக்கலாம் என்று எண்ணித்தான் கட்ட வேண்டும்.

மாடியின் கைப்பிடிச் சுவர் துணி காயப் போடவும் சாய்ந்து பேசவும் கட்டியது. டவரின் ஸ்டே கம்பியை இழுத்துப் பிடிக்க அல்ல. ஸ்டே கம்பியைக் குறைந்தது மூன்று திசைகளில் சம இடைவெளியில் இழுத்து, தூண் அல்லது பீம் இருக்கும் இடத்தில் கட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் காலில் கட்டுவது, ஷீட் கூரையின் இரும்பில் கட்டுவது எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கொண்டுபோய் விடும்.

விமான நிலையங்களைச் சுற்றி உயரத்துக்கு எல்லை வகுத்திருக்கிறார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். தேவனஹள்ளி, எலஹங்கா, ஜக்கூர், பழைய எச்.ஏ.எல். என்று இந்த ஊரைச் சுற்றி எத்தனை ஓடுதளங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மின்னலின் கணக்கு

இப்போது மின்னலுக்கு வருவோம். சாதாரண மின்னல் ஒன்றின் உச்ச மின்னோட்டம் சுமார் 30,000 ஆம்பியர். நம் வீட்டு மெயின் பியூஸ் எத்தனை ஆம்பியர் என்று ஒப்பிட்டுப் பார்த்தால் தலை சுற்றும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் மின்னலுக்கு 2,887 பேர் பலியானார்கள். புயல், வெள்ளத்துக்குக் கிடைக்கும் கொட்டை எழுத்துத் தலைப்பு இவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஒன்றும் இரண்டுமாக வயலிலும் மரத்தடியிலும் விழுந்தவர்கள்.

"எர்த் கொடுத்தால் மின்னலைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வது போல ஆகிவிடும், சும்மா விடுவதே நல்லது" என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு. மின்னலைக் கூப்பிடுவது உயரம். எர்த் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உயர்ந்து நிற்பதன் மேல் அது விழும். எர்த் செய்வது வேறு வேலை. வந்த விருந்தாளி எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று காட்டுவது அது. வழி இல்லாவிட்டால் விருந்தாளி வீட்டுக்குள் புகுந்து, செட்டையும் ஆளையும் தாண்டித்தான் மண்ணுக்குப் போவான்.

இதற்கு வரலாற்றிலேயே சாட்சி உண்டு. மின்னல் என்பது மின்சாரமே என்பதைச் சோதிக்க அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின் வழி சொன்ன காலம் அது. 1753இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிச்மான் என்ற விஞ்ஞானி வீட்டுக் கூரையில் இரும்புக் கம்பி நட்டு, அதிலிருந்து அறைக்குள் ஒரு கம்பியைக் கொண்டுவந்து அளவு பார்த்தார். அந்தக் கம்பிக்கு மண்ணோடு தொடர்பு இல்லை. இடி மழை வந்தது. அளவு பார்க்கக் குனிந்தவரின் நெற்றியில் தீப்பொறி பாய்ந்தது. அங்கேயே உயிர் போயிற்று.

கூரையில் கம்பி, அறைக்குள் ஒயர், மண்ணில் ஒன்றுமில்லை. எர்த் இல்லாத ஹாம் டவரும் இதேதான். வித்தியாசம், ரிச்மானுக்கு அன்று யாரும் சொல்லித் தரவில்லை. நமக்கு 270 ஆண்டுகளாகத் தெரியும்.

கோபுரக் கலசம் இடிதாங்கி என்று ஊரில் சொல்வதுண்டு. உச்சியில் செம்பு இருந்தால் மட்டும் போதாது. உச்சியிலிருந்து மண்வரை இடைவிடாத உலோகப் பாதை இருந்தால்தான் அது இடிதாங்கி. இல்லாவிட்டால் கல்லையும் சுதையையும் பிளந்துகொண்டே மின்னல் இறங்கும்.

சில ஹாம்கள் மழை வந்தால் ஆன்டெனா ஒயரைச் செட்டிலிருந்து கழற்றிப் போட்டுவிடுவார்கள். அந்தக் காலத்தில் ஒயரின் நுனியைக் கண்ணாடி ஜாடிக்குள் போட்டு வைப்பவர்களும் இருந்தார்கள். கழற்றுவது நல்ல பழக்கம்தான். ஆனால் பல கிலோமீட்டர் வானவெளியைத் தாண்டி வந்த மின்னலுக்கு ஒரு ஜாடியின் கண்ணாடி எம்மாத்திரம்? அதோடு, மழை வரும் நேரத்தில் வீட்டுக்காரர் ஆபீசில் இருந்தால் கழற்றுவது யார்?

மூன்று லட்சம் வோல்ட்

எர்த் குழியின் தரத்தை ஓம் என்ற அளவில் சொல்கிறார்கள். ஓம் குறைந்தால் மண்ணோடு நெருக்கம் கூடும். மின்னல் பாதுகாப்புக்கு 10 ஓமுக்கு மேல் போகக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2309 கூறியது.

இப்போது பள்ளிக்கூடக் கணக்கைப் போடுங்கள். 30,000 ஆம்பியரை 10 ஓமால் பெருக்கினால் மூன்று லட்சம் வோல்ட். அதாவது, விதிப்படி சரியாக வெட்டிய குழியில் கூட, மின்னல் இறங்கும் அந்தக் கணத்தில் டவரும் அதன் எர்த் கம்பியும் மூன்று லட்சம் வோல்ட்டுக்கு எழும்பி நிற்கும்.

இங்கேதான் பலர் அறியாத முக்கியமான விஷயம் இருக்கிறது. டவருக்கு ஒரு தனி எர்த். வீட்டு மின்சாரத்துக்கு வேறோர் எர்த். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டவர் பக்கம் மூன்று லட்சம் வோல்ட். வீட்டு எர்த் பக்கம் ஏறக்குறையப் பூஜ்யம். இந்த இரண்டும் சந்திக்கும் இடம் எது? ஆன்டெனா ஒயரும் மின்சார ஒயரும் வந்து சேரும் ரேடியோ செட். அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர். பாய்ச்சல் அங்கே நடக்கும்.

ஆகவே தனித்தனி எர்த் பாதுகாப்பு என்பது வெறும் நம்பிக்கை. டவர் எர்த், வீட்டு எர்த், செட்டின் எர்த் மூன்றையும் கனமான பட்டையால் ஒன்றாகக் கட்ட வேண்டும். அப்போது எழும்பினால் எல்லாம் சேர்ந்து எழும்பும். இறங்கினால் சேர்ந்து இறங்கும். நடுவில் வித்தியாசம் இல்லாவிட்டால் பாய்ச்சலும் இல்லை. மின்கம்பியில் உட்கார்ந்த காகத்துக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இதுவே.

ஆன்டெனா ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், சுவருக்கு வெளியே, லைட்னிங் அரெஸ்டர் ஒன்றை வைத்து அதையும் அதே எர்த்தோடு கட்ட வேண்டும். எர்த் கம்பி நேராக, குட்டையாக இறங்க வேண்டும். மின்னலுக்கு முடுக்குச் சந்து பிடிக்காது. கம்பியை அழகுக்காகச் சுவர் மூலைக்கு மூலை மடித்து இறக்கினால், மடிப்பில் கம்பியை விட்டுவிட்டுச் சுவருக்குத் தாவும். உருண்டைக் கம்பியைவிட அகலமான பட்டை மேல். செம்பையும் ஜி.ஐ.யையும் நேரடியாக ஒன்றின் மேல் ஒன்று வைத்து போல்ட் போட்டால் சில மழைக் காலத்தில் அரித்துவிடும். வெளியே பார்க்க இணைப்பு இருக்கும், உள்ளே இருக்காது.

ரயில்வேயில் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. பெங்களூர் – ஜோலார்பேட்டை தடத்தில் தலைக்கு மேல் ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அதன் அருகே உள்ள நடைபாலம், நடைமேடைக் கூரை, இரும்புக் கம்பம் எல்லாவற்றையும் தண்டவாளத்தோடும் எர்த்தோடும் கட்டியிருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். கம்பியில் வேலை செய்ய வேண்டுமானால் கரண்டை நிறுத்தினால் மட்டும் போதாது. எழுத்தில் அனுமதி வர வேண்டும். வந்த பிறகும் வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் டிஸ்சார்ஜ் ராடு மாட்டி எர்த் செய்த பின்புதான் ஆள் கை வைப்பான். சுவிட்சை நம்பாதே, மண்ணை நம்பு என்பதே அங்குள்ள பாடம். அந்தப் பாடம் மாடி டவருக்கும் பொருந்தும்.

பெங்களூர் மண்ணின் குணம்

எர்த் குழி வெட்டுவது நம் ஊர் ஆட்களுக்குத் தெரிந்த வேலை. குறைந்தது இரண்டரை மீட்டர் நீளமுள்ள 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. குழாய், சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கடுக்காக. அல்லது இரண்டடிக்கு இரண்டடி தகடு. ஐ.எஸ். 3043 என்ற இந்திய விதியும் இதைத்தான் கூறுகிறது.

ஆனால் பெங்களூர் மண் வேறு. காவிரிக் கரையின் வண்டல் அல்ல இது. மேலே செம்மண்; அதன் கீழே பாறை. சந்தேகமிருந்தால் லால்பாக் போய்ப் பாருங்கள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறை சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையானது என்கிறார்கள். அந்தப் பாறையின் இனம்தான் நகரத்தின் பல பகுதிகளில் சில அடி ஆழத்திலேயே தலை நீட்டுகிறது. பாறை மின்சாரத்தை எளிதில் வாங்கிக்கொள்ளாது.

கடப்பாரை பாறையில் பட்டதும் என்ன நடக்கிறது? மேஸ்திரி "போதும், விடு" என்கிறார். குழாயை அறுத்து நான்கடியில் நிறுத்தி, மேலே சிமென்ட் தொட்டி கட்டி மூடிவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் லட்சணமான எர்த் குழி. உள்ளே பாதிதான் இருக்கிறது.

பாறை வந்தால் வழி இல்லாமல் இல்லை. ஆழத்தில் கிடைக்காததை அகலத்தில் தேட வேண்டும். வீட்டைச் சுற்றிப் பள்ளம் எடுத்துப் பட்டையைப் படுக்க வைக்கலாம். ஒரு குழிக்குப் பதில் இரண்டு மூன்று குழிகள் வெட்டி இணைக்கலாம். 20 ஓம் உள்ள இரண்டு குழிகளைப் போதிய இடைவெளி விட்டு இணைத்தால் ஏறக்குறைய 10 ஓம் ஆகும். குழாயின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வெட்டினால் பலன் இல்லை.

இன்னொரு விஷயம். குடிதண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. இரும்புக் குழாய்க் காலம் மலையேறிவிட்டது. இன்று ஓடுவது பிளாஸ்டிக். அதில் கட்டிய எர்த், காற்றில் கட்டிய எர்த்துக்குச் சமம்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். குழி ஈரமாக இருந்தால் நன்றாக வேலை செய்யும். மண் மிகவும் காய்ந்து கிடப்பது மார்ச், ஏப்ரலில். இடி மழை தொடங்குவதும் அப்போதே. அதாவது எர்த் மிகவும் பலவீனமாக இருக்கும் வேளையில்தான் மின்னல் வருகிறது. அக்டோபர் மழையில் அளந்து "எட்டு ஓம், நன்றாக இருக்கிறது" என்று எழுதி வைத்தால் அது ஏப்ரலுக்குச் செல்லாது. அளக்க வேண்டியது மார்ச் மாதத்தில். அளப்பதற்கு எர்த் டெஸ்டர் என்ற கருவி உண்டு. தெரிந்த எலெக்ட்ரிஷியன் சிறிது நேரத்தில் அளந்து சொல்லிவிடுவார்.

மின்னலைவிட அருகில் இருக்கும் எமன்

மின்னல் எப்போதோ வரும். தெருவில் ஓடும் 11,000 வோல்ட் கம்பி எப்போதும் இருக்கிறது. பெஸ்காம் பல இடங்களில் அதை நிலத்தடிக் கேபிளாக மாற்றியிருக்கிறது. ஆனாலும் குறுகிய தெருக்களில் பால்கனிக்கு எட்டும் தூரத்தில் கம்பி ஓடுவதை நாம் தினமும் பார்க்கிறோம்.

இந்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. அது அசையாமல் நிற்கும் கட்டடத்துக்கு. டவர் அப்படியல்ல. நடும்போது சாயும். புயலில் விழும். ஆகவே டவருக்கு விதி ஒன்றுதான்: எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் நட வேண்டும். 30 அடிக் கம்பம் என்றால் 30 அடிக்கு மேல் தள்ளி. இடம் இல்லையா? உயரத்தைக் குறை.

20 அடிக் குழாயை இரண்டு பேர் தூக்கி நிமிர்த்தும்போது நுனி எங்கே போகிறது என்று தூக்குகிறவர்களுக்குத் தெரியாது. அண்ணாந்து பார்த்தால் வெயில் கண்ணைக் கூசும். அதனால்தான் தூக்காமல், நுனியை மட்டும் பார்த்துக் குரல் கொடுக்க மூன்றாவது ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஒரு ஆள் கூலியை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

ஏறுகிறவர் யார்?

இந்த வேலைக்குத் தனியாக ஒரு தொழிலாளர் வர்க்கம் இல்லை. பெயின்ட் அடிக்கிறவர், டிஷ் மாட்டுகிறவர், வெல்டிங் பட்டறைப் பையன், கட்டட வேலைக் கூலி இவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இதில் நிறையப் பேர். அரை நாள் வேலை. பேசிய கூலி. கையெழுத்துக் காகிதம் எதுவும் இல்லை.

விபத்து நடந்தால் யார் பொறுப்பு? 2025 நவம்பர் 21 முதல் நாட்டில் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஆனாலும் ஒருவர் தம் சொந்த வீட்டு மாடியில் இரண்டு ஆட்களை வைத்து அரை நாளில் முடிக்கும் வேலையைப் பெரிய கட்டட வேலையைப் போல் எந்த இன்ஸ்பெக்டரும் வந்து பார்க்கப் போவதில்லை. ஹாம் உரிமத் தேர்வும் ஆளின் அறிவைத்தான் சோதிக்கிறது. மாடியில் நட்ட கம்பத்தைச் சோதிப்பதில்லை. ஆக, வானத்தில் போகும் அலைக்குச் சட்டம் இருக்கிறது. கம்பத்தில் ஏறும் மனிதனுக்கு அவனுடைய எச்சரிக்கையே சட்டம் என்றாகிறது.

ஆகவே நம்மவர்களுக்குச் சில வார்த்தைகள்:

ஏறுவதற்கு முன் "அண்ணே, எர்த் குழி எங்கே?" என்று கேளுங்கள். டவரைக் கட்டிவிட்டு அடுத்த வாரம் எர்த் போடலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் குழி, பிறகு கம்பம். அதுதான் வரிசை.

பெல்ட் இல்லாமல் ஏறாதீர்கள். டவருக்கு ஸ்டே கம்பி கட்டும் முன் ஏறாதீர்கள்.

மின்னலைப் பார்த்த பின் இடிச் சத்தம் 30 விநாடிக்குள் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே இறங்கி விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே மறுபடி ஏற வேண்டும். புனாவில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தயாரித்த 'தாமினி' என்ற செல்போன் செயலி சுற்றுவட்டாரத்தில் விழும் மின்னலைக் காட்டும். காசு இல்லை. போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னல் தாக்கியவரின் உடம்பில் மின்சாரம் தங்காது. தயங்காமல் தொடலாம். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்து 108க்குச் சொல்லுங்கள். ஆனால் மின்கம்பி பட்டுக் கிடப்பவர் விஷயம் வேறு. கரண்ட் நிற்கும்வரை அவரையோ குழாயையோ தொடக் கூடாது. பெஸ்காமின் 1912 எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும்.

18 வயதிலிருந்து 60 வயதுக்குள் இருந்து, ஆண்டில் 90 நாள் கட்டட வேலை செய்தவர்கள் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வேறு மாநிலத்துக்காரர் என்பது அதற்குத் தடை அல்ல. கார்டு இருந்தால் குடும்பத்துக்கு ஏதோ ஒரு கைப்பிடி உண்டு.

மாடி அறையில் குடியிருக்கும் வாடகைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வாசல் வழியாக டவரின் எர்த் கம்பி போகிறதா என்று பாருங்கள். போனால் இடி மழையில் அதன் பக்கத்தில் நிற்காதீர்கள். துணிக் கொடியை டவரில் கட்டாதீர்கள். ஷீட் கூரையின் இரும்புச் சட்டமும் எர்த்தோடு கட்டியிருக்கிறதா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். வாடகை கொடுக்கிறீர்கள்.

யார் செய்ய வேண்டும்?

2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து, கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் வந்தது. புதிய நிர்வாகம், புதிய கமிஷனர்கள். குப்பை, ரோடு, வரி என்று ஆயிரம் வேலை இருக்கும். அதன் நடுவே ஒரு சின்ன உத்தரவு போட்டால் போதும். குடியிருப்பு மாடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எந்த உலோகக் கம்பம் நட்டாலும், ஹாம் டவரோ, இன்டர்நெட் கம்பமோ, விளம்பரப் பலகையோ, ஆண்டுக்கு ஒரு முறை மார்ச் மாதத்தில் எர்த் அளந்து ஒரு சீட்டு வைத்திருக்க வேண்டும். லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரிஷியன் கையெழுத்து இருந்தால் போதும். இதற்குப் புதிய இலாகா வேண்டாம்.

ஹாம் சங்கங்கள் இதில் முன்கை எடுக்கலாம். அவர்கள் படித்தவர்கள். ஓம் கணக்கு தெரிந்தவர்கள். ஒரு எர்த் டெஸ்டரை வாங்கி, கோடைக்கு முன் ஒவ்வோர் உறுப்பினர் வீட்டுக்கும் போய் அளந்து வரலாம். பக்கத்து வீட்டு செல்போன் டவரையும் சேர்த்து அளந்து கொடுத்தால் அந்தத் தெருவே வாழ்த்தும். ஊருக்கு ஆபத்து வரும்போது செய்தி அனுப்புகிறவர்கள், தங்கள் மாடியே ஊருக்கு ஆபத்தாகாமல் பார்த்துக்கொள்வது அவர்களுக்குப் பெருமைதானே?

செலவு அதிகம் என்று சொல்ல முடியாது. ஒரு நல்ல ஹாம் செட்டின் விலையில் சிறு பங்குதான் எர்த் குழிக்கு ஆகும். செட் மேஜை மேல் இருக்கிறது. வந்தவர்கள் பார்த்துப் பாராட்டுவார்கள். டவர் வானத்தில் இருக்கிறது, தெருவே பார்க்கும். எர்த் குழி மண்ணுக்குள் இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. பார்வைக்குப் படாத வேலைக்குக் காசு கொடுக்க மனம் வராதது மனித இயல்பு. அந்த இயல்புக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் காசு கொடுத்தவர் அல்ல. கம்பத்தில் ஏறியவரும் அதன் நிழலில் குடியிருப்பவரும்.

மார்ச் மாதம் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. முதல் இடிக்கு முன் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். இணைப்பில் துரு இருந்தால் சுரண்டி முறுக்குங்கள். அளந்து பார்த்து எழுதி வையுங்கள். பிறகு டவர் எவ்வளவு உயரம் என்று பெருமையாகப் பேசலாம்.